கைப்பேசியில் இலவசப் பாடம்: மரவள்ளி உழவர் எங்கிருந்து தொடங்கலாம்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளி பயிரிடும் உழவர் எவருக்கும் ‘பாயிண்ட்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. கிழங்கை வண்டியில் ஏற்றிச் சேகோ ஆலைக்குக் கொண்டு போகிறோம். அங்கே கொஞ்சம் கிழங்கை எடுத்து, தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்துப் பார்த்து, இத்தனை பாயிண்ட் என்கிறார்கள். பாயிண்ட் ஒன்றுக்கு இன்ன விலை என்று கணக்குப் போட்டுப் பணம் தருகிறார்கள். பத்து மாதம் பாடுபட்டு வளர்த்த பயிரின் விலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

அந்தத் தராசு எதை அளக்கிறது? கிழங்கை ஏன் தண்ணீரில் போட்டு நிறுக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘பாய்மங்கள்’ என்னும் பாடத்தில் இருக்கிறது. தமிழக அரசின் அந்தப் பாடநூல் தமிழில், காசில்லாமல், உங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. இதைச் சொன்னால், “எங்கள் பிள்ளை படிக்க வேண்டிய புத்தகம் எங்களுக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்களுக்காகவே இக்கட்டுரை.

தராசு சொல்வது என்ன?

கிணற்றில் நீர் இறைக்கும்போது, குடம் தண்ணீருக்குள் இருக்கும் வரை பாரம் தெரிவதில்லை. நீர்மட்டத்திற்கு மேலே வந்ததும் கனக்கிறது. நீரில் மூழ்கிய பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளுவதே காரணம். அந்தப் பொருள் எவ்வளவு நீரை இடம்பெயரச் செய்கிறதோ அந்த நீரின் எடை அளவுக்குப் பொருளின் எடை குறைந்து தோன்றும். கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டறிந்தார். சேகோ ஆலையின் தராசு வேலை செய்வது இந்த விதியின்படிதான்.

மாவுச்சத்து தண்ணீரைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு அடர்த்தி உள்ளது. ஆகையால் மாவுச்சத்து மிகுந்த கிழங்கு, நீர் மிகுந்த கிழங்கைக் காட்டிலும் தண்ணீருக்குள் அதிக எடை காட்டும். எடுத்துக்காட்டாக, 5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 500 கிராம் நிற்பதாக வைத்துக் கொள்வோம். அது இடம்பெயரச் செய்த நீர் 4.5 கிலோ. 5-ஐ 4.5-ஆல் வகுத்தால் 1.11 வருகிறது. இதுவே ஒப்படர்த்தி. மற்றொரு வயலின் 5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 600 கிராம் நின்றால் அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.14. இரண்டாவது வயலின் கிழங்கில் மாவு அதிகம். தண்ணீருக்குள் தெரிந்த வெறும் 100 கிராம் வித்தியாசம்தான் பாயிண்டாக மாறுகிறது. ஆகவே தராசில் சிறு பிசகு நேர்ந்தாலும் விலையில் அது பெரிதாகத் தெரியும்.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பத்து கிராம் வரை காட்டக்கூடிய தொங்கு தராசு ஒன்று, கம்பிக் கூடை ஒன்று, பீப்பாய் நிறையத் தண்ணீர், இவை போதும். வயலின் நடுப்பகுதியில் நாலைந்து செடிகளைப் பிடுங்கி, கிழங்கிலுள்ள மண்ணைக் கழுவி, ஈரத்தைத் துடைத்துவிட்டு 5 கிலோ நிறுத்துக் கொள்ள வேண்டும். வெறும் கூடையைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அதன் எடையைக் குறித்துக் கொள்ளவும். பிறகு கிழங்கைக் கூடையில் இட்டு முழுவதும் மூழ்கச் செய்து நிறுக்க வேண்டும். கூடை பீப்பாயின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. கிழங்குகளுக்கிடையே காற்றுக் குமிழி தங்கினால் எடை குறைத்துக் காட்டும். கூடையை ஒருமுறை குலுக்கி விடவும். வந்த எடையிலிருந்து வெறும் கூடையின் எடையைக் கழித்தால் கிழங்கின் நீர் எடை கிடைக்கும்.

உங்கள் கணக்கும் ஆலையின் பாயிண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் உங்கள் வயலையே எட்டாம் மாதம், ஒன்பதாம் மாதம், பத்தாம் மாதம் என்று இவ்வாறு நிறுத்துப் பார்த்தால், எப்போது பிடுங்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். வறட்சிக்குப் பிறகு நல்ல மழை பெய்து செடி புதுத்தளிர் விட்டால், கிழங்கில் சேர்ந்த மாவைச் செடி தன் தளிருக்கு எடுத்துக் கொள்ளும். அப்போது பிடுங்கினால் பாயிண்ட் குறையும். இந்த விவரம் தாவரவியல். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்குவதும் அப்பாடத்தைச் சேர்ந்ததே. பார்த்தீர்களா, பௌதிகத்தில் தொடங்கினோம். அதற்குள் தாவரவியலுக்கு வந்துவிட்டோம். பாடங்களுக்கிடையே வேலி போட்டது பள்ளிக்கூடத்தின் வசதிக்காக. வயலில் அந்த வேலி இல்லை.

பாடம் எங்கே கிடைக்கும்?

2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிலையம், தன் பாடங்களை உலகத்தார் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைப்பதாக அறிவித்தது. நம் நாட்டிலும் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து ‘என்.பி.டி.இ.எல்.’ என்ற பெயரில் தங்கள் வகுப்புகளைப் படம் பிடித்து வெளியிட்டு வருகின்றன. 2017 ஜூலை 9-ஆம் நாள் மத்திய அரசு ‘ஸ்வயம்’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலைப் பட்டம் வரையிலான பாடங்கள் இதில் உள்ளன. சேர்வதற்கும் படிப்பதற்கும் கட்டணம் இல்லை. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்புவோர் மட்டும் தேர்வுக் கட்டணம் செலுத்த வேண்டும். உழவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்பது என் கருத்து, தேவைப்படுவது பாடம்தான். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனுக்கோ மகளுக்கோ அது பயன்படலாம். அவர்கள் ஸ்வயம் வழியாகப் படித்த பாடங்களின் மதிப்பெண்ணைப் பட்டத்தில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் இடம் தருகின்றன. கல்லூரியில் விசாரித்துக் கொள்ளலாம்.

ஸ்வயம் பாடங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. இது பெரிய தடைதான், மறைப்பதில் பயனில்லை. என்.பி.டி.இ.எல். பாடங்களில் சிலவற்றின் எழுத்து வடிவம் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுக் கிடைக்கிறது. யூடியூபில் வரும் உரைகளுக்கு எந்திரம் செய்யும் தமிழ் மொழிபெயர்ப்பைப் படத்தின் அடியில் வரவழைத்துக் கொள்ளலாம். ஆனால் எந்திரத்தின் தமிழ் சில இடங்களில் தலைகீழாகப் போகும். ஆகையால் மருந்தின் அளவு, உரத்தின் அளவு போன்றவற்றை எந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யக்கூடாது.

எட்டாவது, பத்தாவது வரை படித்து நிறுத்தியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது தமிழ்ப் பாடநூல்களையே. ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் நூல்கள், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், பொருளியல், வரலாறு நூல்கள் யாவும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. பாடநூலில் அச்சாகியுள்ள கட்டக் குறியைத் ‘தீக்‌ஷா’ செயலியால் படம் பிடித்தால் அப்பாடத்தின் விளக்கப் படங்கள் வரும். அடுத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம். பயிர், மண், உரம், பூச்சி, நோய், சந்தை ஆகிய யாவும் அதில் தமிழிலேயே உள்ளன. 2001-இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய தமிழ் நூல்கள் உள்ளன. கல்லூரிப் பாடங்களைத் தமிழில் நடத்துவதற்காக முன்னாளில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட நூல்களும் அவற்றில் அடக்கம். மொழி சற்றுக் கடினமாயிருக்கும். எனினும் எந்திரத்தின் தமிழைவிட ஆயிரம் மடங்கு மேல்.

எழுத்துத் தட்டுவது சிரமமானால், கூகுளில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, “ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூல் தமிழ்” என்று வாயால் சொன்னாலே போதும்.

மாவுப்பூச்சி கற்றுத்தந்த பாடம்

நம் மரவள்ளி வயல்களுக்கு அண்மைக் காலத்தில் வந்த பெருந்தொல்லை மாவுப்பூச்சி. 2020-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கேரள மாநிலம் திருச்சூர்ப் பகுதியில் இது காணப்பட்டது. விரைவில் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. குருத்து சுருண்டு, கணுவிடை குறுகி, நுனி கொத்துக் கொத்தாக நின்றுவிட்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்தவர்கள் உண்டு. கடன் வாங்கி அடித்தவர்களும் உண்டு. அடித்தும் அடங்காதது ஏன் என்பதற்கு விடை பூச்சியியலில் இருக்கிறது.

இப்பூச்சியின் உடல்மேல் மெழுகுப் பூச்சு உண்டு. மருந்து எளிதில் ஒட்டாது. சுருண்ட குருத்துக்குள் ஒளிந்திருப்பதால் தெளிப்பும் உள்ளே போய்ச் சேர்வதில்லை. ஆண் பூச்சி இல்லாமலே பெண் இனம் பெருக்கும். எனவே தப்பிய ஒன்றே வயல் முழுவதற்கும் போதும். இதைத் தின்று அடக்கும் இயற்கை எதிரி இதன் பிறந்தகமான தென் அமெரிக்காவில் இருந்தது. நம் நாட்டில் இல்லை. மரவள்ளியும் அக்கண்டத்துப் பயிரே. பயிர் முன்னே வந்தது, பூச்சி பின்னே வந்தது, எதிரி வரவில்லை.

இதே கதை ஆப்பிரிக்காவில் முன்பே நடந்திருக்கிறது. 1970-களில் காங்கோ பகுதியில் தலைகாட்டிய இப்பூச்சி, மரவள்ளியையே நாளும் உண்டு வாழும் நாடுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவியது. விஞ்ஞானிகள் தென் அமெரிக்காவில் தேடி, பராகுவே நாட்டில் இதன் எதிரியான மிகச் சிறு குளவி ஒன்றைக் கண்டெடுத்தனர். ‘அனகைரஸ் லோப்பெசி’ என்பது அதன் அறிவியல் பெயர். 1981-இல் நைஜீரியாவில் அதை வயலில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பிக் காய்ந்து கூடாகிவிடும். அக்கூட்டைத் துளைத்துக் கொண்டு புதுக் குளவி வெளிவரும். இப்பணியை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. தாய்லாந்திலும் இப்பூச்சி வந்தபோது 2009-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதே குளவியைத்தான் வரவழைத்தார்கள்.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதே பெனினிலிருந்து குளவியைப் பெற்று, சோதித்துப் பெருக்கி, 2022 மார்ச் 7-ஆம் நாள் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் முதன்முதலாக வயலில் விட்டது. பராகுவேயில் புறப்பட்ட குளவி ஆப்பிரிக்கா வழியாக நம் ஏத்தாப்பூருக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆயின.

இக்கதையை அறிந்த உழவருக்கும் அறியாத உழவருக்கும் உள்ள வேறுபாடு மருந்துக் கடையில் தெரியும். குளவி வேலை செய்யும் வயலில் கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவி. பணமும் போய், காவலும் போய்விடும். காய்ந்து உப்பிய பூச்சிக் கூடுகளைக் கண்டால், அவற்றில் சிறு துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துளை இருந்தால் உங்கள் வயலில் குளவி இருக்கிறது. மருந்தடிக்கும் முன் வேளாண் அலுவலரைக் கேட்கவும். பூச்சி பிடித்த வயலிலிருந்து விதைக்கரணை எடுப்பதும், எடுத்துப் பிற ஊருக்குக் கொடுப்பதும் கூடாது. இவ்வளவுக்கும் தேவையான பூச்சியியல் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் போகாது.

ஆட்டுக்கு மரவள்ளித் தழை போட்டு ஆடு இறந்தது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தழையிலும் கிழங்கிலும் ‘லினமாரின்’ என்ற பொருள் உண்டு. தழை கசங்கும்போது அது சிதைந்து சயனைடு என்னும் கொடிய நஞ்சு வெளிப்படுகிறது. நறுக்கி வெயிலில் நன்கு உலர்த்தினால் நஞ்சின் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். இது வேதியியல். கால்நடை நஞ்சுண்டால் வைத்தியரிடம் ஓட வேண்டுமேயன்றி கைப்பேசியைப் பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது.

விலை ஏன் இப்படி ஆடுகிறது?

ஒரு வருடம் மரவள்ளிக்கு நல்ல விலை. மறு வருடம் ஊரெல்லாம் மரவள்ளி, விலை விழுகிறது. அதற்கடுத்த வருடம் பலர் மக்காச்சோளத்துக்கு மாறுகிறார்கள்; கிழங்கு விலை ஏறுகிறது. நம் பக்கத்துக்கு மட்டும் உரிய சாபக்கேடு இது என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் பன்றி விலை இதே போல் ஏறி இறங்குவதை 1920-களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். இன்றைய விலையைப் பார்த்து நடுகிறோம். விளைச்சல் பத்து மாதம் கழித்து வருகிறது. எல்லோரும் ஒரே விலையைப் பார்த்து ஒரே முடிவெடுத்தால் பத்து மாதம் கழித்து வேறு விலைதான் இருக்கும். பொருளியல் நூல்களில் இதற்குச் ‘சிலந்தி வலைக் கோட்பாடு’ என்று பெயர். 1934-இல் நிக்கோலஸ் கால்டோர் என்ற பொருளியல் அறிஞர் வைத்த பெயர் இது. பதினொன்றாம் வகுப்புப் பொருளியல் நூலில் தேவை, அளிப்பு பற்றிய பாடங்களைப் படித்துவிட்டால் இக்கோட்பாடு எளிதில் விளங்கும். படித்துவிட்டதால் விலை ஏறிவிடாது. ஆனால் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் இருக்கும் நிலம் முழுவதிலும் கரணை ஊன்றுவதற்கு முன் ஒருமுறை யோசிப்பீர்கள்.

நம் ஜவ்வரிசித் தொழிலின் வரலாறும் படிக்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்று போனதால் சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எப்படிப் படிப்பது?

தனியே படித்தால் பத்து நாளில் நின்றுவிடும். 1960-களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சைத் தரணி உழவர்கள் ஆடுதுறை 27 நெல்லை அத்தனை ஆர்வமாக ஏற்றுக் கொண்டார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வந்துவிட்டது. அன்று ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பலர் அமர்ந்து கேட்டார்கள், கேட்டபின் விவாதித்தார்கள். விவாதம்தான் அதன் பலம். இன்று ஆளுக்கொரு கைப்பேசி இருப்பதால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம். நாலைந்து பேர் வாரம் ஒருநாள் பால் சொசைட்டித் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூடி, ஒரு பாடத்தைச் சேர்ந்து பார்த்துப் பேசுவது நல்லது. பெண்களையும் சேர்த்துக் கொள்ளுங்கள். களை எடுப்பவர்களும் கிழங்கு உரிப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. பூச்சியை முதலில் பார்ப்பவர்களும் அவர்களே.

ஒரு சமயத்தில் ஒரே கேள்வியை எடுத்துக் கொள்ள வேண்டும். ‘பௌதிகம் படிக்கப் போகிறேன்’ என்று தொடங்கினால் முதல் அத்தியாயத்திலேயே சலிப்பு வரும். ‘பாயிண்ட் எப்படிப் பார்க்கிறார்கள்’ என்று தொடங்கினால் வேண்டிய பக்கங்களைத் தேடிப் படிப்பீர்கள். புரியாத சொல்லை நோட்டில் குறித்துக் கொள்ளவும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் தயங்காமல் கேட்கவும். அப்பாவுக்குப் பாடம் சொல்லித் தருவதில் பிள்ளைக்கு வரும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதன் படிப்பும் தேறும். மின்சார முறைக்காக மோட்டார் கொட்டகையில் காத்திருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. அங்கே சிக்னல் கிடைக்காவிட்டால் பாடத்தை முன்கூட்டியே வீட்டில் பதிவிறக்கி வைத்துக் கொள்ளலாம். வீடியோவைக் காட்டிலும் பாடநூலுக்கு இணையச் செலவு மிகக் குறைவு.

இலவசப் பாடம் என்று சொல்லி வங்கிக் கணக்கு எண்ணையோ கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணையோ எவராவது கேட்டால் அது மோசடி. அரசின் கல்வித் தளங்களில் படிக்க வங்கி விவரம் தேவையில்லை. ‘ஏக்கருக்கு இருமடங்கு மகசூல்’ என்று ஒரே மருந்தைப் புகழும் வீடியோக்களைப் பாடம் என்று கொள்ள வேண்டாம். முடிவில் ஒரு விற்பனை எண் இருக்கும். ஏன், எப்படி என்று விளக்காமல் ‘வாங்குங்கள்’ என்று மட்டும் சொல்வது பாடமாகாது.

படித்தபின் நோட்டில் மிஞ்சும் கேள்விகளைச் சேலம் மாவட்ட உழவர்கள் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், நாமக்கல் மாவட்ட உழவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம். மரவள்ளி பற்றிய ஐயங்களுக்கு ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தை அணுகவும். நேரில் செல்ல இயலாதவர்கள் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே பேசலாம். போகும்போது வயலிலிருந்து இரண்டு குருத்துகளை மூடிய உறையிலிட்டு எடுத்துச் செல்லவும். நோட்டையும் மறக்க வேண்டாம்.